ஆடியில் ஐந்து பை போதும்

சென்னை போன்ற வெக்கையும் புழுக்கமும் நிறைந்த ஊரில் மாடித்தோட்டம் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சித்திரை மாதம். காலை ஒன்பது மணிக்கே மொட்டைமாடித் தரையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. முந்தின வாரம் நர்சரியிலிருந்து ஆசை ஆசையாக வாங்கி வந்த பன்னிரண்டு தக்காளி நாற்றுகளில் ஒன்பது தலை தொங்கிக் கிடந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சொம்பு ஊற்றினேன். மாலையில் இன்னொரு சொம்பு. நான்காம் நாள் மீதி மூன்றும் போய்விட்டன.

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கடலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். “தக்காளியா வச்சீங்க தம்பி? கத்திரி வெயில் வரப்போவுது, இப்பப் போயி யாராவது தக்காளி நடுவாங்களா? ஆடி வரைக்கும் பொறுங்க. மண்ணு எங்கயும் ஓடிப்போயிடாது” என்றார்.

அந்த ஒரு பேச்சுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். அதற்குப் பிறகு எத்தனையோ மாடிகளைப் பார்த்துவிட்டேன். காய்ந்த செடியோடு அடுக்கி வைத்த பைகளைக் காட்டி, “எனக்குக் கைராசி இல்லை” என்று சொல்லாத வீடு குறைவு. கைராசியில் ஒரு குறையும் இல்லை. வயலில் பட்டம் பார்த்து விதைத்த நாம், மாடிக்கு ஏறியதும் பட்டத்தை மறந்துவிடுகிறோம். விடுமுறை கிடைத்த மாதத்தில், பார்த்த வீடியோவில் வளர்ந்த செடியை வைக்கிறோம். அது காய்ந்ததும் பையை மடித்துப் பரணில் போடுகிறோம்.

புழுக்கம் செடியை என்ன செய்கிறது?

மனிதருக்கு வியர்வை எப்படியோ, செடிக்கு நீராவிப்போக்கு அப்படி. இலையின் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாக வெளியேறும்போதுதான் இலை குளிர்கிறது. காற்று உலர்ந்திருந்தால் இது வேகமாக நடக்கும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் இலையிலிருந்து நீர் எளிதில் ஆவியாவதில்லை. நமக்கு வியர்வை உலராமல் கசகசப்பதைப் போலவே செடிக்கும் சூடு இறங்குவதில்லை.

இரவும் உதவுவதில்லை. மே மாதத்தில் சென்னையின் இரவு வெப்பம் சராசரியாக 27, 28 டிகிரி செல்சியஸில் நிற்கிறது. பகலில் இலை சமைத்து வைத்த சர்க்கரையை வெப்பமான இரவில் செடி சுவாசித்தே செலவழித்துவிடுகிறது. காய்க்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். தக்காளிக்கு இது இன்னும் கடுமை. இரவு வெப்பம் 24 டிகிரியைத் தாண்டும்போது மகரந்தத்தின் வீரியம் குறைந்து, பூ காயாக மாறாமலே உதிரத் தொடங்குகிறது. “நிறையப் பூக்குது, ஒண்ணும் பிடிக்கலை” என்று சித்திரையிலும் வைகாசியிலும் புலம்புகிறவர்களுக்கு எந்த டானிக் தெளித்தும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

அதே தக்காளியை மார்கழி, தையில் பாருங்கள். சென்னையின் இரவு 21 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. எந்த மருந்தும் இல்லாமல் கொத்துக் கொத்தாகக் காய்க்கும்.

வேருக்கு வரும் காய்ச்சல்

வயலில் வேருக்கு வெயில் தெரியாது. ஓரடி ஆழத்தில் மண் குளிர்ச்சியாகவே இருக்கும். மாடியில் வைத்த பைக்கு மேலே வெயில், பக்கவாட்டில் வெயில், கீழே கொதிக்கும் தளம். பையின் ஓரத்து மண்ணைத்தான் முதலில் சூடு தாக்குகிறது. வேரின் நுனிகள் அடர்ந்திருப்பதும் அந்த ஓரத்தில்தான்.

வேர் சூடேறினால் நீரை உறிஞ்சும் வேலை தடைப்படும். மண்ணில் ஈரம் இருந்தும் இலை வாடும். இந்த வாட்டத்தைத் தாகம் என்று தவறாக எண்ணி நாம் மேலும் மேலும் ஊற்றுகிறோம். சூடான, காற்றோட்டமில்லாத சேற்றில் வேர் அழுகுகிறது. என் பன்னிரண்டு நாற்றுகளும் செத்தது தண்ணீர் இல்லாமல் அல்ல, தண்ணீர் மிகுந்து.

ஆகவே முதல் செலவு செடிக்கு வேண்டாம், நிழலுக்குச் செய்யுங்கள். 50 சதவீத நிழல்வலை ஒன்று வாங்கி, பங்குனி முதல் ஆனி வரை தலைக்கு மேல் கட்டுங்கள். கறுப்புத் தொட்டிகளைத் தவிருங்கள். வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கும் பைகள் சூட்டைக் குறைவாக வாங்கும். பழைய பெயின்ட் வாளியோ மண்தொட்டியோ இருந்தால் வெளியே சுண்ணாம்பு அடித்துவிடலாம். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ இரும்புத் தாங்கி மேலோ வையுங்கள். அடியில் காற்று ஓடும், வடிநீர் தேங்காது. மிளகாய், கத்தரி வைத்த பைகளைத் தள்ளித் தள்ளி வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் மற்றொன்றின் வேரைக் காக்கும். மேலே இலைகள் ஒன்றையொன்று உரசாத அளவு இடைவெளி மட்டும் இருக்கட்டும்.

மேல் மண்ணை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள். காய்ந்த இலை, தேங்காய் நார், வைக்கோல் எது கிடைத்தாலும் இரண்டு அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள். கோடையில் மூடாக்குள்ள பையையும் இல்லாத பையையும் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொட்டுப் பாருங்கள். பிறகு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

தளம் தாங்குமா?

மாடித்தோட்டம் என்றதும் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. ஆட்கள் புழங்கும் தட்டையான கூரைக்கு இந்தியத் தர நிர்ணயம் குறிக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. இதில் நம் நடமாட்டமும் அடக்கம்.

ஓரடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள ஒரு பையை முக்கால் பாகம் நிரப்பினால் சுமார் 16 லிட்டர் பிடிக்கும். வெறும் தோட்டத்து மண்ணை நிரப்பி நனைத்தால் ஒரு பை 28 கிலோவை நெருங்கும். சதுர மீட்டருக்கு ஆறு பை வைத்தால் வரம்பு தாண்டிவிடுகிறது. தென்னை நார்க்கழிவு கலந்த கலவை என்றால் அதே பை நனைந்த நிலையிலும் 15, 16 கிலோவில் நிற்கும். மண்ணின் எடையைக் குறைப்பது கட்டடத்துக்கும் நல்லது, வேருக்கும் நல்லது.

கனமான தொட்டிகளைச் சுவர்களுக்கும் உத்தரங்களுக்கும் மேலாக வரும்படி ஓரங்களில் வையுங்கள். தளத்தின் நடுவில் பாரம் ஏற்றாதீர்கள். தட்டோடு பதித்த பழைய தளம் என்றாலோ, கூரையில் ஏற்கெனவே கசிவு இருந்தாலோ, ஒரு பொறியாளரிடம் காட்டிய பிறகே தொடங்குங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் பால்கனியே போதும். காலை வெயில் மூன்று மணி நேரம் விழும் கிழக்குப் பால்கனியில் கீரையும் புதினாவும் தாராளமாக வரும். காய்கறிக்கு ஐந்து, ஆறு மணி நேர வெயில் தேவை.

கலவை தயாராகப் பத்து நாள்

பலரும் சறுக்கும் இடம் இது. செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கடலோர ஊர்களுக்கு இந்தச் சம அளவுக் கலவை நம்பகமானது.

கடைகளில் கட்டியாகக் கிடைக்கும் நார்க்கழிவு, 5 கிலோக் கட்டி ஒன்று ஊறினால் 70 லிட்டர் அளவுக்கு உப்பி வரும். அதில் உப்பு தங்கியிருக்கும். ஊறவைத்த தண்ணீரைப் பிழிந்து கொட்டி, இன்னொரு முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். நிலத்தடி நீர் ஏற்கெனவே உப்பாக இருக்கும் பகுதிகளில் இந்த வேலையைத் தவிர்த்தால் இலையின் ஓரம் கருகத் தொடங்கும். அதை நோய் என்று எண்ணி மருந்து தேடிப் போவோம்.

பச்சைச் சாணத்தை நேரடியாகப் போடவே கூடாது. அது பைக்குள்ளேயே மக்கும்போது சூடு கிளப்பும், வேரைத் தின்னும் வெள்ளைப் புழுக்களையும் கூட்டிவரும். கலந்த கலவையை ஈரமாக்கி, நிழலில் பத்து நாள் மூடி வையுங்கள். கைப்பிடி அளவு ட்ரைக்கோடெர்மா விரிடி சேர்த்தால் வேரழுகல் பூஞ்சையை அது அடக்கிவைக்கும். கலவையைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் சொட்டினாலோ, உருண்டை உடையாமல் நின்றாலோ, இன்னும் நார்க்கழிவு சேருங்கள்.

எந்த மாதம் எது?

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் மாடியையும் மனத்தில் வைத்தே சொன்னார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஜூலை நடுவில் சென்னையின் உச்ச வெயில் தணிந்திருக்கும். மாலை வேளைகளில் இடியோடு மழை வந்து போகும். இப்போது விதைத்த செடி, ஐப்பசி மழை தொடங்கும் முன் வேரூன்றி வலுத்துவிடும்.

ஆடி, ஆவணியில் வெண்டை, கத்தரி, மிளகாய், அவரை, கொத்தவரை, கீரைகள். வெண்டையை நேரடியாக விதைக்கலாம். 45 நாளில் காய் பறிக்கலாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று விட்டு, 30 முதல் 40 நாள் நாற்றைப் பிடுங்கி நடவேண்டும்.

புரட்டாசிக் கடைசியில் தக்காளிக்கு நாற்று விடுங்கள். மழைக் கூரையின் கீழ் வளர்த்து, கார்த்திகையில் பெரிய பைக்கு மாற்றினால், தையில் பழம்.

கார்த்திகை, மார்கழி, தையில் முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பீன்ஸ். குளிர் கேட்கும் பயிர்களுக்குச் சென்னை தரும் சலுகை இந்தச் சில வாரங்கள்தான். கொத்தமல்லியைச் சித்திரையில் விதைத்தால் இலை விரியும் முன்னே பூத்துவிடும்.

மாசி, பங்குனியில் பந்தல் காய்கள். பாகல், புடலை, பீர்க்கு, சுரை. இவை கோடையைத் தாங்குவதோடு, பந்தலாகப் படர்ந்து கீழே இருக்கும் பைகளுக்கு நிழலும் தரும். இவற்றில் ஆண் பூ, பெண் பூ தனித்தனி. மாடிக்குத் தேனீ வராத இடத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிட வேண்டியிருக்கும். பீர்க்கும் சுரையும் மாலையில் மலரும், பாகல் காலையில் மலரும். நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

சித்திரை, வைகாசியில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, பசலைக்கொடி, காராமணி ஆகியவை நிழல்வலையின் கீழ் இந்த வெயிலையும் பொறுத்துக்கொள்ளும். மற்றபடி இது மண்ணை ஓய்வெடுக்க விட்டு, எரு கூட்டிப் பையைத் தயார் செய்யும் காலம்.

விரலைக் கேட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்

இத்தனை லிட்டர் என்று கணக்குச் சொல்ல முடியாது. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம். உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே கொஞ்சம் வடியும் வரை நிதானமாக ஊற்றுங்கள். பிற்பகலில் வாடிய செடி மாலை ஆறு மணிக்குத் தானே நிமிர்ந்துவிட்டால் அதற்குத் தாகம் இல்லை, வெக்கைதான். காலையிலும் வாடியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

காலை ஏழு மணிக்கு முன் ஊற்றுவது உத்தமம். கோடையில் மாலையிலும் ஒரு முறை. இலைமேல் ஊற்றாமல் வேரில் ஊற்றுங்கள். புழுக்கமான ஊரில் இரவு முழுக்க இலை நனைந்திருந்தால் பூஞ்சைக்கு அதைவிட வசதி வேறில்லை. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதும் தவறு. தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கு இந்த ஒழுங்கின்மையே பெரும் காரணம்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரிக்குக் குடங்களோடு காத்திருந்ததை நாம் மறக்க முடியாது. குடிக்கும் நீரைச் செடிக்கு ஊற்றலாமா என்ற கேள்வி எழத்தான் செய்யும். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரே ஐந்தாறு பைகளுக்குப் போதும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரை வாளியில் பிடித்துப் பூச்செடிகளுக்கு ஊற்றலாம். நம்மைப் படுத்தும் புழுக்கம்தான் அங்கே தண்ணீராகச் சொட்டுகிறது. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரில் உப்பு செறிந்திருக்கும். அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

பூச்சி, கொசு, புயல்

வெண்பஞ்சு போல் ஒட்டும் மாவுப்பூச்சி, கொழுந்தில் மொய்க்கும் அசுவினி, இலைக்கடியில் வெள்ளை ஈ. மூன்றும் வந்தே தீரும். தினம் ஐந்து நிமிடம் இலையைத் திருப்பிப் பார்க்கிறவருக்கு இவை பெரிய தொல்லை இல்லை. மாவுப்பூச்சியை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். எறும்பு ஏறும் வழியை அடைத்துவிடுங்கள், ஏனென்றால் மாவுப்பூச்சியை எறும்பே காவல் காக்கிறது. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கரைவதற்குச் சில துளி சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். வெண்டை இலை நரம்பு மஞ்சளாகிவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். மருந்து கிடையாது. இரக்கப்படாமல் பிடுங்கிவிடுங்கள், மற்ற செடிகளாவது பிழைக்கும்.

கொசு விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டிக்கடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தெளிந்த நீரிலேயே முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தட்டே வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டும் என்றால் வாரம் இரு முறை கவிழ்த்து, தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது.

ஐப்பசியும் கார்த்திகையும் வேறு சோதனை. சென்னை ஆண்டு முழுவதும் பெறும் 1,400 மில்லிமீட்டர் சொச்ச மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. அதற்கு முன்பே பையின் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று குச்சி விட்டுப் பாருங்கள். மாடியின் வடிகுழாயில் சருகு அடைக்காமல் வலை வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் நிழல்வலையைக் கழற்றுங்கள், பைகளைக் கைப்பிடிச் சுவரின் உட்புறம் ஒதுக்குங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் பெருமரங்களையே சாய்த்தது. கைப்பிடிச் சுவரின் மேல் வைத்த தொட்டி அந்தக் காற்றில் தெருவில் போகிறவர் தலையில் விழும். மழையில்லாத நாளிலும் சுவரின் மேல் எதையும் வைக்காதீர்கள்.

என்ன கிடைக்கும்?

மாடித்தோட்டம் வீட்டின் காய்கறிச் செலவை முழுதாகத் தீர்த்துவிடும் என்று சொன்னால் அது பொய். ஒரு வேளைப் பொரியலுக்கு வெண்டைக்காய் வேண்டுமென்றால் எட்டு, பத்துச் செடிகள் தேவை. ஆனால், கீரை அப்படியில்லை. அகலமான ஒரு பையில் விதைத்த சிறுகீரை 25 நாளில் சட்டிக்கு வரும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் மாதக்கணக்கில் தழைக்கும். மிளகாய்ச் செடி இரண்டு இருந்தால் பச்சை மிளகாய் வாங்கும் வேலை பெரும்பாலும் இல்லை. கறிவேப்பிலை ஒரு தொட்டியில் நின்றுவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை.

தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு வழங்கியிருக்கிறது. வளர்ப்புப் பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் அதில் அடங்கும். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இப்போது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வேளாண் பல்கலைக்கழகமும் தோட்டக்கலைப் பண்ணைகளும் விற்கும் விதை நம் ஊருக்குப் பழகியது. வண்ணப்படம் போட்ட வெளிநாட்டு விதைப் பொட்டலத்தைவிட அது நன்றாகவே முளைக்கும்.

எதிர்வீட்டு அம்மா சொன்னபடி அந்த ஆண்டு ஆடி வரை பொறுத்தேன். ஐந்தே பைகள். இரண்டில் கீரை, இரண்டில் வெண்டை, ஒன்றில் மிளகாய். ஆவணி பிறந்து சில நாளில் முதல் சிறுகீரையைப் பிடுங்கி, பாதியை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அந்த ஐந்து பைகளின் இலைகள்தான் எனக்கு எல்லாம் கற்றுத்தந்தன. ஐம்பது பையோடு தொடங்கியிருந்தால் ஒன்றையும் உற்றுப் பார்த்திருக்க மாட்டேன்.

இந்தக் கட்டுரையைப் படித்ததும் நர்சரிக்கு ஓட வேண்டாம். முதலில் உங்கள் மாடிக்கோ பால்கனிக்கோ போய், எந்த மூலையில் எத்தனை மணி வரை வெயில் விழுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். கூரையைப் பாருங்கள், கலவையைத் தயார் செய்யுங்கள். ஆடி பிறக்கும்போது ஐந்து பைகளில் விதையுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையால் விதைக்கச் சொல்லுங்கள். முதல் கீரை சட்டிக்கு வந்த பிறகு ஆறாவது பையைப் பற்றி யோசித்தால் போதும்.